ஒத்தைக்கோட்டில் வெட்டிய பேர்

எங்க ஊர்ல பாத்திரம் நடக்கும். இதைக் கேட்டு வாயைப் பொளக்கிறவங்க வெளியூர்க்காரங்க. எங்களுக்கு அது பஸ் வர்றது, குழாய்ல தண்ணி வர்றது மாதிரி ஒரு காரியம். காலையில ஏழு மணிக்கு மேல செவல்விலக்கு மெயின் பஜார்ல நின்னு பாத்தா, நேத்து யார் வீட்டு விசேஷத்துக்கோ போயிட்டுத் திரும்புத சருவம் ரெண்டு, அடியைத் தரையில தேச்சுக்கிட்டு நகந்து போகும், கரண்டிகளை வயித்துக்குள்ள போட்டுக்கிட்டு வாளி ஒண்ணு கலகலன்னு வரும், தாம்பாளம் ஒண்ணு விளிம்புல உருண்டு அதை முந்தும், சைக்கிள்காரன் மணி அடிப்பான், எல்லாம் இடது பக்கமா ஒதுங்கும், அவன் பாட்டுக்குப் போயிருவான். அம்புட்டுதான். இதுக்கெல்லாம் யாரு காரணம்னு கேட்டீங்கன்னா ஊரே என்னையக் கைகாட்டும். நானும் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

என் பேரு தங்கபுஷ்பம். சுயம்புலிங்கம் முதலாளியோட பாத்திரக்கடையில பேர் வெட்டுதவ. எங்க பக்கத்துல பேர் வெட்டாத பாத்திரத்தை யாரும் வீட்டுக்குள்ள ஏத்த மாட்டாங்க, ஏன்னா ஒரு சடங்கு, ஒரு வளைகாப்புன்னு வந்தா தெருவுல உள்ள அண்டா குண்டா எல்லாம் அந்த வீட்டுக்குத்தான் போகும், போனது திரும்பி வரணும்னா வயித்துல பேர் இருந்தாகணும். பேர் இருந்தும் பாதி வராது. நம்ம சருவம் எதுத்த வீட்டுலயும் எதுத்த வீட்டுத் தவலை நம்ம வீட்டுலயும் வருசக்கணக்குல குடியிருக்கும், கேக்க வாய் வராது, கேட்டா பேச்சு வார்த்தை நின்னு போகும். இன்னொண்ணும் சொல்லிருதேன், எங்க ஊர்ல யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுக்க மாட்டோம். ஒரு பிடி சீனியோ நாலு வெத்தலையோ, எதுவும் இல்லைன்னா ரெண்டு கல்லு உப்போ போட்டுத்தான் குடுப்போம்.

மூணு வருசத்துக்கு முந்தி முதலாளி கம்ப்யூட்டரோட சேந்த மிஷின் ஒண்ணு வாங்கிப் போட்டாரு. ஸ்கிரீன்ல பேரைத் தட்டினா மிஷின்ல உள்ள வைர ஊசி அதைப் பாத்திரத்துல கீறிரும். யோசனை நல்ல யோசனைதான். ஆனா கம்ப்யூட்டர்ல இருக்குத எழுத்து சதைபோட்ட எழுத்து, உள்ள கறுப்பு ரொம்பி இருக்கும், ஊசிக்கு அந்தக் கறுப்பு தெரியாது, அதுக்குத் தெரிஞ்சது கோடு மட்டுந்தான். அதனால எழுத்தோட சதையை விட்டுட்டு அதோட வெளிக்கரையை மட்டும் ஒரு சுத்து சுத்தி, ஆரம்பிச்ச எடத்துலயே வந்து நிக்கும். ஒரு கோடு இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு கோடு, நடுவுல ஒண்ணுமில்ல, வாய்க்காலுக்குக் கரை போட்டுத் தண்ணி விடாத மாதிரி. அண்டாவுல வெட்டினா பரவாயில்ல, பாக்கலாம். டம்ளர்ல வெட்டினா சுழியும் கொம்பும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு ஒரே கண்றாவி.

"என்னட்டி இது, எம்பேரா?" ன்னு தவமணி டீச்சர் கடை வாசல்ல வச்சே கேட்டுட்டாக. "எறும்பு சண்டை போட்ட மாதிரில்லா இருக்கு."

"டீச்சர், மிஷின் அப்படித்தான் வெட்டுது."

"மிஷின் வெட்டுதுன்னா பொறவு நீ எதுக்கு இருக்க?"

சுருக்குன்னு குத்திருச்சு. ஆறு மாசம் டிசைன் படிச்சு, ஆயிரம் கல்யாணப் பத்திரிகை போட்டவ நான், என்னையப் பாத்து ஒரு டம்ளர் சிரிச்சா தூக்கம் வருமா? சாப்ட்வேர்ல தேடிப் பாத்தேன், எழுத்தோட நடுக்கோட்டைத் தானே கண்டுபிடிச்சுக் குடுக்குத பட்டன் ஒண்ணு இருந்துச்சு. அதை அமுக்கினா நடுக்கோடு வந்துச்சு, கூடவே ஒவ்வொரு முடுக்குலயும் ரெண்டு மீசையும் மொளைச்சு வந்துச்சு, சுழி எல்லாம் அமுங்கிப் புள்ளியாப் போச்சு, 'ஆ'வைத் தட்டினா ஏதோ பூச்சி மல்லாந்து கெடக்கு. அந்தப் பட்டனை அன்னையோட மறந்தேன். ஒவ்வொரு எழுத்தையும் பெரிசாக்கி வச்சுக்கிட்டு, வெளிக்கரையில இருந்த புள்ளிகளை ஒண்ணொண்ணா அழிச்சு, நடுவுல ஒரே ஒரு கோட்டை நானே ஓட்டினேன். கையால எழுதினா எங்க தொடங்குவமோ அங்க தொடங்கி, எங்க பேனாவை எடுப்பமோ அங்க முடிச்சேன், மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கக்கூடக் கடைசியில போய் ஊசியை இறக்குத மாதிரி வச்சேன். பதினோரு நாளு. 'ஞ'வுக்கு மட்டுமே ஒரு நாள் முழுக்கப் போச்சு. முடிச்சதுக்குப் பொறவு சொல்லுதேன், இந்தத் தாலுகாவுல எவன் வேணா வந்து பாக்கட்டும், நான் போட்ட கோட்டுல ஒரு பிசிறு காட்டட்டும்.

ஒத்தைக்கோட்டுல முதல்ல வெட்டினது தவமணி டீச்சரோட சாம்பார் வாளி. ஊசி இறங்கும்போது வாங்குதவங்க பேரை வாயால சொல்லணும், தப்பு வந்துறக் கூடாதுன்னு எங்க கடையில எப்பவும் உள்ள பழக்கம் அது, டீச்சரும் "தவமணி" ன்னு தெளிவாச் சொன்னாக. அந்த வாளி வடக்குத் தெருவுல ஒரு சடங்கு வீட்டுக்குப் போச்சு. மூணாம் நாள், அந்த வீட்டம்மா அதைத் தேச்சுக் கவுத்து வச்சுட்டு உள்ள போயிட்டு வாரதுக்குள்ள, வாளி நிமிந்து, படி இறங்கி, தபால் ஆபீசைத் தாண்டி, பிள்ளையார் கோயிலைச் சுத்தி, டீச்சர் வீட்டு நடையில வந்து கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டிட்டு நின்னுச்சு. டீச்சர் கதவைத் திறந்து பாத்துட்டு, "வெறும் வாளியா அனுப்பியிருக்காளே, ஒரு பிடி சீனி போடத் தெரியாது?" ன்னாக. ஊர்ல முதல்ல எழுந்த பேச்சே அதுதான்.

அதுக்குப் பொறவு எனக்கு மூச்சு விட நேரம் இல்ல. ஊரே பழைய பேரை அழிச்சு ஒத்தைக்கோட்டுல வெட்டச் சொல்லி வந்துச்சு. ஒரே தெருவுல மூணு முத்துலெச்சுமி இருக்காக, ஒரு பாத்திரம்கூட வீடு மாறலை, ஏன்னா பேரைச் சொல்லுதவங்க மனசுல யாரை வச்சுச் சொன்னாங்களோ அந்த ஆளுகிட்டதான் அது போய் நின்னுச்சு. ஆள் வெளியூருக்குப் போயிருந்தா வெளியூருக்கே போச்சு. மக வீட்டுக்குப் போன இடத்துல தன்னோட குண்டாவே தன்னைத் தேடி வந்து நிக்குதுன்னு பெருமையாப் பேசிக்கிட்டவங்க உண்டு. காலையில எட்டுப் பத்துக்கு வர்ற பஸ்ஸோட கண்டக்டர், பாத்திரத்துக்கு டிக்கெட் இல்ல, ஆனா சீட்டும் இல்லைன்னு முடிவு பண்ணினாரு, அதுங்க பின்படிக்கட்டுப் பக்கத்துல ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்காந்துக்கிட்டுப் போகும். பொம்பளைங்க இரவல் வாங்கின சட்டியில வாங்கின உடனேயே சீனியைப் போட்டு வச்சுக்கிட்டாங்க, எப்பக் கிளம்பும்னு யாரு கண்டா. நாய்ங்க நாலு நாள் குலைச்சுப் பாத்துட்டு விட்டுருச்சு.

ஒரே ஒரு தடவைதான் ஊரு சிரிப்பாச் சிரிச்சுச்சு. எங்க பக்கத்துல கல்யாணத்துக்குப் பாத்திரம் அன்பளிப்பாக் குடுத்தா அதுல குடுக்குதவங்க பேரைத்தான் வெட்டுவோம், வாங்குதவன் பேரு யாருக்கு வேணும், நாளைக்கு நாலு பேரு பாத்து இது இன்னாரு குடுத்ததுன்னு சொல்லணும்லா. லாரி புக்கிங் ஆபீஸ்காரர் மகன் கல்யாணத்துக்கு வந்த நூத்திப் பன்னெண்டு பாத்திரத்துலயும் நான்தான் ஒத்தைக்கோட்டுல வெட்டினேன். மறுவீடு முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம், குக்கர், குத்துவிளக்கு, ஹாட்பாக்ஸ் அம்புட்டும் வரிசையா வெளியேறி, குடுத்தவங்க வீட்டுக்கே போய்ச் சேந்துருச்சு. மாப்பிள்ளையோட அம்மா வெறும் அலமாரியைப் பாத்து ஒப்பாரி வைக்க, குடுத்தவங்க எல்லாம் பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டுத் திரும்ப வர, அது மறுபடி அவங்க பின்னாலயே கிளம்ப, ஒரு வாரம் ஒரே கூத்து. கடைசியில நான்தான் தீர்ப்புச் சொன்னேன்: வாங்குதவங்க பேரு ஒத்தைக்கோட்டுல, குடுக்குதவங்க பேரு கீழ பழையபடி வெளிக்கரையில. இப்ப வரைக்கும் அதான் வழக்கம்.

ஏன்னா வெளிக்கரையில வெட்டினது எங்கயும் போகாது. போகாதுன்னா, கிளம்பும், ஒரு சுத்து சுத்தும், கிளம்பின எடத்துலயே வந்து உக்காந்துக்கும். அந்தக் கோடு எப்படியோ பாத்திரமும் அப்படி. ஒத்தைக்கோடு வெட்ட ஆரம்பிச்சதுல இருந்து பழைய பாத்திரங்களுக்கும் கொஞ்சம் தெம்பு வந்துருந்துச்சு. டம்ளர்ல உள்ள சின்ன எழுத்துன்னா அடுப்பங்கரைக்குள்ளயே ஒரு வட்டம், தவலையில உள்ள எழுத்துன்னா தெருவை ஒரு வட்டம். எழுத்து பெரிசாக ஆக வட்டமும் பெரிசாகும்னு நான் குறிச்சு வச்சிருந்தேன். இதை நான் யார்கிட்டயும் சொல்லலை, யாரும் கேக்கவும் இல்ல.

பூரணத்தக்கா வந்தது ஒரு செவ்வாக்கிழமை மத்தியானம். கடையில முதலாளி சாப்பிட்டுட்டுக் கண்ணசந்திருந்தாரு. அக்கா புருசன் செத்துப் பத்து வருசமாச்சு, கொழுந்தன் கொம்பையா வீட்டுலதான் அவுக இருக்காக, இருக்காகன்னு சொல்லக் கூடாது, அடைச்சு வச்சிருக்கான். அவுக ஒரே மக ஆவுடைச்செல்வி, எனக்கு ரெண்டு வருசம் இளையவ, எட்டு வருசத்துக்கு முந்தி வேற ஆளுங்க வீட்டுப் பையன் ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. அன்னையில இருந்து கொம்பையா அவளைத் தேடிக்கிட்டு இருக்கான். எதுக்குத் தேடுதான்னு எங்க ஊர்ல பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டுலயே வச்சுச் சொன்னான், "அவ எந்தச் சீமையில இருந்தாலும் என் கையாலதான்" னு. அவ பேரை வீட்டுல யாரும் சொல்லக் கூடாது. அக்கா, தான் பெத்த மக உசிரோட இருக்காளா இல்லையான்னு கூடத் தெரியாம எட்டு வருசமாச் சோறு பொங்கிக்கிட்டு இருந்தாக.

முந்தானைக்குள்ள இருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்து மேசையில வச்சாக. ரெண்டு ஆழாக்குப் பிடிக்கும், மூடி இறுக்கமா இருந்துச்சு.

"பேர் வெட்டணும் புஷ்பம்."

"உங்க பேரா யக்கா?"

அக்கா தெருவைப் பாத்தாக. பொறவு ரொம்ப மெல்ல, "ஆவுடைச்செல்வி" ன்னாக. எட்டு வருசமாச் சொல்லாத பேரு, துண்டு துண்டா வந்துச்சு.

"இனிஷியல் என்ன போடட்டும்?"

"அவ இப்ப என்ன இனிஷியல் போடுதாளோ, நான் என்னத்தைக் கண்டேன். பேரு மட்டும் வெட்டு தாயி. அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரிய வேண்டாம். இது அவகிட்டப் போய் நின்னாப் போதும். அம்மா நினைச்சுக்கிட்டு இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்."

"யக்கா, வெட்டுததுக்கு எனக்கு அஞ்சு நிமிசம். ஆனா உங்க வீட்டு வாசல்ல இருந்து இது கிளம்பினா, பின்னாலயே உங்க கொழுந்தன் பைக்கும்லா கிளம்பும்?"

"தெரியும்" னாக அக்கா. "நாலு மாசமா இதை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு அதைத்தான் யோசிக்கேன். எனக்கு ஒரு வழியும் தெரியலை. நீதான் இதையெல்லாம் கண்டுபிடிச்சவ, உனக்குத் தெரியும்னு வந்தேன்."

அப்படிச் சொல்லிட்டா நான் சும்மா இருப்பனா? "வச்சுட்டுப் போங்க. வழி இருக்கு" ன்னேன். சத்தியமாச் சொல்லுதேன், அந்த நிமிசம் வரைக்கும் என்கிட்ட ஒரு வழியும் இல்ல.

வழியை மறுநாள் கொம்பையாவே தூக்கிக்கிட்டு வந்தான். ரெண்டு ஆளு பிடிக்க, கல்யாணத்துக்கு வடிக்குத அண்டா ஒண்ணைக் கடை வாசல்ல இறக்கினான். பைக்கை ஆஃப் பண்ணக் கூட இல்ல.

"ஏ புள்ள, இதுல ஒரு பேரு வெட்டு. ஆவுடைச்செல்வி. ஒத்தைக்கோட்டுல."

முதலாளி அந்தானைக்கு எழுந்து குடோனுக்குள்ள எதையோ எண்ணப் போயிட்டாரு. நான் மட்டும் நின்னேன். எனக்குப் பயங்கரமாக் கோவம் வந்துச்சு. என் பதினோரு நாள் உழைப்பு, நான் கண்ணு வலிக்க வலிக்க ஓட்டின கோடு, இவனுக்கு வேட்டை நாயா?

"ரொம்பப் பெரிய அண்டாவா இருக்கே அண்ணாச்சி" ன்னேன்.

"சின்னதுன்னா கூட்டத்துல தவறிரும். இது கண்ணுல இருந்து தப்பாது. வெட்ட மாட்டேன்னு சொல்லிராத புள்ள. உனக்கும் வீடு வாசல் இருக்கு."

"நான் எங்க மாட்டேன்னேன்? எங்க தொழிலே அதுதான. அண்டா எம்மாம் பெரிசோ எழுத்தும் அம்மாம் பெரிசா இருக்கணும், வயித்தைச் சுத்தி வெட்டணும், எட்டத்துக்குப் போக வேண்டியதுல்லா. வெள்ளிக்கிழமை காலையில வாங்க."

"ஒத்தைக்கோட்டுல."

"ஒத்தைக்கோட்டுலதான் அண்ணாச்சி."

அன்னைக்குச் சாயங்காலம் கம்ப்யூட்டர்ல உக்காந்தேன். ஆவுடைச்செல்விங்கிற பேரை என் ஒத்தைக்கோட்டு எழுத்துல எடுத்தேன். பதினோரு நாளா வெளிக்கரையை நடுக்கோடாக்கினவ, அன்னைக்குத் தலைகீழாப் பண்ணினேன்: நடுக்கோட்டை மறுபடி வெளிக்கரையாக்கினேன். ஆனா சதை போடலை. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவுல ஒரு மயிரிழைதான் விட்டேன், கண்ணுக்குப் பாத்தா ஒரே கோடு, நகத்தை வச்சுத் தடவினாத்தான் ரெண்டுன்னு தெரியும். பொறவு அத்தனை எழுத்தையும் ஒண்ணோட ஒண்ணு சேத்து, எங்கயும் அறுபடாத ஒரே சுத்தாக்கினேன், முதல் எழுத்துல கிளம்பின ஊசி கடைசி எழுத்து வரைக்கும் போய் அடிவழியாத் திரும்பி முதல் எழுத்துக்கே வந்து சேரும். ஒரு எழுத்து ஒன்றரைச் சாண் உயரம். அம்மாம் பெரிய வட்டம் எத்தனை ஊரைச் சுத்தும்னு எனக்கே கணக்கு இல்ல.

வெள்ளிக்கிழமை ஊசி இறங்கும்போது கொம்பையா அந்தப் பேரைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னான். வெட்டி முடிஞ்சதும் குனிஞ்சு பாத்தான். கண்ணாடி போட வேண்டிய வயசு, ஆனா போட்டா கௌரவம் போயிரும்னு போடாதவன். மினுமினுன்னு இருந்த அண்டாவுல அவனுக்கு ஒரு கோடுதான் தெரிஞ்சுச்சு. "அழகாத்தான் வெட்டியிருக்க" ன்னான். அதை மட்டும் நான் ஏத்துக்கிட்டேன்.

அண்டாவை அவன் வீட்டு வாசல்ல கொண்டு போய் இறக்கினதும் அது கிளம்பிருச்சு. பின்னால கொம்பையா ஒரு பைக்குல, அவன் ஆளுங்க ரெண்டு பேரு இன்னொரு பைக்குல. அண்டா சாலையில போச்சு, சாலையை விட்டு இறங்கிக் கரிசக் காட்டுக்குள்ள போச்சு, மக்காச்சோளத்துக்குள்ள போச்சு, மூடின ரயில்வே கேட்டுக்கு முன்னால மரியாதையா நின்னு திறந்ததும் போச்சு, பதினெட்டு ஊரு, ஒரு ஊர்லயும் தங்கலை. பொழுது சாஞ்சா நிக்கும், விடிஞ்சா கிளம்பும். இவன் கண்ணசந்தா விட்டுருவமேன்னு அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே கெடந்தானாம். போற வழியில உள்ளவங்க எல்லாம், "என்னய்யா, அண்டாவுக்குக் காவலா?" ன்னு கேட்டுருக்காங்க.

அவன் கிளம்பின ஒரு மணி நேரத்துல பூரணத்தக்கா கடைக்கு வந்தாக. தூக்குச்சட்டிக்குள்ள முந்திரிக்கொத்துப் பலகாரம் வச்சிருந்தாக, மகளுக்கு உசிராம். நான் சட்டியை மிஷின்ல மாட்டினேன். இது உண்மையான ஒத்தைக்கோடு, சின்ன எழுத்து, தொடக்கம் ஒண்ணு, முடிவு ஒண்ணு. "சொல்லுங்கக்கா" ன்னேன். இந்தத் தடவை அக்கா தெருவைத் திரும்பிப் பாக்கலை. தெருவே கேக்குத மாதிரி, "ஆவுடைச்செல்வி!" ன்னாக, விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுத மாதிரி. குடோன்ல இருந்து முதலாளி எட்டிப் பாத்தாரு, துண்டால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டாரு.

சட்டி மேசையில இருந்து இறங்கி, கடைப் படி தாண்டி, பஸ் ஸ்டாப்புல போய் நின்னுச்சு. "பின்னாலயே போறீகளாக்கா? இப்ப யாரும் இல்ல" ன்னேன்.

அக்கா ரெண்டு எட்டு வச்சாக, நின்னுட்டாக. "வேண்டாம். நான் பாத்துட்டேன்னா, பொறவு என்னைய அடிச்சு உதைச்சுக் கேட்டா வாய் தவறிச் சொல்லிருவேன். தெரியாத வரைக்கும் அவளுக்கு நல்லது" ன்னாக. எட்டுப் பத்து பஸ் அன்னைக்குத் தாமதமா ஒன்பதரைக்கு வந்துச்சு. சட்டி ஏறிப் பின்படிக்கட்டுல உக்காந்துச்சு. பஸ் மறையுத வரைக்கும் அக்கா நின்ன எடத்துலயே நின்னாக.

மூணாம் நாள் மத்தியானம் அண்டா செவல்விலக்குக்கு மேற்க இருந்து வந்துச்சு, பஜார் வழியாப் போச்சு, கொம்பையா வீட்டுப் படி ஏறி, கிளம்பின எடத்துல அச்சுப் பிசகாம வந்து உக்காந்துச்சு. பின்னாலயே கொம்பையா வந்தான். மூஞ்சியெல்லாம் செம்மண்ணு, பைக்குல பெட்ரோல் தீந்து கடைசி ரெண்டு மைலு தள்ளிக்கிட்டு வந்திருந்தான். ஊரே பாத்துக்கிட்டு நின்னுச்சு. யாரும் சிரிக்கலை, அதுதான் அவனுக்கு ரொம்ப வலிச்சிருக்கும். மறுநாள் கடைக்கு வந்து, "என்ன புள்ள செஞ்ச?" ன்னு கேட்டான்.

"அது போய்ச் சுத்திட்டு உங்க வீட்டுக்கே வந்துருச்சுன்னா நான் என்ன அண்ணாச்சி செய்ய? நீங்க பேரைச் சொல்லும்போது மனசுல என்ன இருந்துச்சோ, அதுகிட்டப் போயிருக்கும்."

அவன் பைக்கை உதைச்சான். போயிட்டான். ஆனா அன்னையில இருந்து, எங்க கடைப்படியில நின்னா தெரியுத விலக்கு ரோட்டு முக்குல பைக்கை நிறுத்திக்கிட்டு, ஊரை விட்டுப் போற ஒவ்வொரு பாத்திரத்தையும் பாக்க ஆரம்பிச்சான்.

தூக்குச்சட்டி திரும்பலை. பத்து நாளாச்சு, பதினஞ்சு நாளாச்சு. அக்கா காய் வாங்குத சாக்குல கடைப் பக்கம் வருவாக, என் மூஞ்சியைப் பாப்பாக, போயிருவாக. எனக்குப் பயம் பிடிச்சுக்கிருச்சு. என் கோட்டுல என்னைக்கும் சந்தேகமே வந்ததில்ல எனக்கு. அந்தப் பதினஞ்சு நாள்ல தினமும் அந்தப் பேரைத் திறந்து வச்சுக்கிட்டுப் புள்ளி புள்ளியாப் பாத்தேன், எங்கயாவது கோடு அறுந்திருக்கா, எங்கயாவது மூடிக்கிருச்சான்னு. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அப்ப அவதான் இல்லையோன்னு ஒரு நினைப்பு வந்துச்சு.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம், பஜார்ல நல்ல கூட்டத்துல, யார் வீட்டுக்கோ போற சட்டிகளோட சட்டியா அது வந்துச்சு. முன்பக்கம் நான் வெட்டின பேரு. பின்பக்கம் ஆணியால கீறின இன்னொரு பேரு, கோணல் மாணலா, 'பூரணம்' னு. கை எழுதினா எப்பவுமே ஒத்தைக்கோடுதான், கம்ப்யூட்டருக்குத்தான் அதைச் சொல்லிக் குடுக்க வேண்டியிருந்துச்சு. சட்டி நேரா அக்காகிட்டதான் போச்சு. நல்ல வேளை, அக்கா அப்ப எங்க கடையில, என் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாக. ஆணிக் கீறலை விரலால தடவிப் பாத்தாக. "அவ கைதான். ரகரத்தைப் படுக்கப் போட்டுத்தான் எழுதுவா" ன்னாக.

மூடியைத் திறந்தோம். வெறும் சட்டியை யாரும் திருப்பி அனுப்ப மாட்டோம்லா. உள்ள எலுமிச்சங்காய் ஊறுகாய். அக்கா ஒரு துண்டை எடுத்து வாயில வச்சாக. வச்சதும் மூஞ்சி கோணிப் போச்சு.

"உப்பு" ன்னாக. "ஒரே உப்பு. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், இன்னும் கை அளவு தெரியலை பாரு அந்தக் கழுதைக்கு." சொல்லிக்கிட்டே இன்னொரு துண்டை எடுத்தாக, இன்னொண்ணை எடுத்தாக, சிரிச்சாக, மூக்கைச் சிந்தினாக, பாதிச் சட்டியைத் தின்னு தீத்துட்டாக. நானும் ஒரு துண்டு தின்னேன். மகா உப்பு. உசிரோட இருக்குத ஒருத்தி போட்ட உப்பு.

ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு இருக்குத சட்டி என்ன செய்யும்? இங்க நாலஞ்சு நாள் இருக்கும், பொறவு கிளம்பும். அங்க கொஞ்ச நாள் இருக்கும், பொறவு வரும். அக்கா அதைத் தன் வீட்டுல வச்சுக்கலை, எங்க கடை அலமாரியில இருநூறு சட்டிக்கு நடுவுல வச்சிருக்கோம், முதலாளிதான் எடம் ஒதுக்கிக் குடுத்தாரு. ஆனா கிளம்புத அன்னைக்கு விலக்கு ரோட்டு முக்குல அவன் நிப்பானே? அதுக்கு நான் ஒண்ணும் செய்யலை, யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லலை. முதல் தடவை சட்டி அலமாரியில இருந்து இறங்கி வாசலுக்கு வந்தப்ப, எதுத்த பூக்கடைக்காரம்மா ஒரு பார்வை பாத்தா, உள்ள போய்த் தன்னோட தூக்குச்சட்டியைக் கொண்டாந்து தெருவுல வச்சா, மதுரையில இருக்குத தன் தங்கச்சி பேரை வெட்டினது. தவமணி டீச்சர் ஒண்ணு வச்சாக. முத்துலெச்சுமி மூணு பேரும் ஆளுக்கொண்ணு வச்சாங்க. லாரி புக்கிங் ஆபீஸ்காரர் சம்சாரம் நாலு வச்சா. எட்டு மணிக்கெல்லாம் நாப்பது தூக்குச்சட்டி, எல்லாம் ரெண்டு ஆழாக்கு அளவு, எல்லாத்துக்கும் இறுக்கமா மூடி, விலக்கு ரோட்டைப் பாத்துக் கிளம்புச்சு. அன்னையில இருந்து ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். எட்டுப் பத்து பஸ் கண்டக்டர் இப்ப ரெண்டு நிமிசம் கூட நிறுத்துதாரு.

அந்த முதல் தடவை கொம்பையா முக்குல நின்னான், பைக்கைக் குறுக்க போட்டு. எல்லாச் சட்டியும் அவனைச் சுத்திக்கிட்டுப் போச்சு, எதைப் பாக்கன்னு தெரியாம தலையை இங்கயும் அங்கயும் திருப்பினான். கடைசியா வந்த ஒரு சட்டிக்கு மட்டும் போக எடமில்ல, அவன் கால்கிட்ட வந்து மூடியை ஒரு தட்டுத் தட்டிட்டு நின்னுச்சு. கடைப்படியில பூரணத்தக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. அவன் குனிஞ்சு பாத்தான், கண்ணைச் சுருக்கினான், பேரு தெரியலை, கண்ணாடியும் இல்ல. "சவம், போய்த் தொலை" ன்னு பைக்கைக் கொஞ்சம் தள்ளி அதுக்கு வழி விட்டான்.